பெயரும் கொக்கியும்

ஆண்டுதோறும் ஜனவரி 26-ம் தேதி தலைநகரில் நடைபெறும் அணிவகுப்பில் பீரங்கிகள் வரும்போது ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள்? நீண்ட குழலைப் பார்க்கிறார்கள். அதன் வாயைப் பார்க்கிறார்கள். குழந்தைகள், "இதற்குள் எவ்வளவு பெரிய குண்டு போகும்?" என்று கேட்கின்றன. பீரங்கியை இழுத்துவரும் லாரியின் பின்புறத்துக் கொக்கியையும், அக்கொக்கியில் மாட்டியிருக்கும் இரும்பு வளையத்தையும் பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். பீரங்கிக்கு ராணுவத்தார் இட்டிருக்கும் முழுப் பெயரை அறிந்தவரோ அவரினும் அரியர்.

பட்டாளத்தில் பழகியவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். கொக்கி பொருந்தாவிட்டால் பீரங்கி இருந்த இடத்திலேயே கிடக்கும். பெயர் பொருந்தாவிட்டால் ஐந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள கிடங்கிலிருந்து வேறொரு பீரங்கியின் குண்டு வந்து சேரும். இரண்டில் எது நேர்ந்தாலும் அந்த நீண்ட குழல் வெறும் இரும்புதான். ஆகவே இந்த இரண்டு சிறு விஷயங்களைப் பற்றிச் சற்று விசாரிப்பது தகும்.

முதலில் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் நம் பட்டாளத்தில் வழங்கிய பீரங்கிப் பெயர்கள் பெரும்பாலும் எடைக் கணக்கு. உருண்டைக் குண்டு வழங்கிய நாளில், ஒரு பீரங்கி எத்தனை ராத்தல் குண்டை எறியுமோ அதுவே அதன் பெயர். 6 ராத்தல் பீரங்கி, 9 ராத்தல் பீரங்கி, 12 ராத்தல் பீரங்கி என்றார்கள். உருண்டைக் குண்டு போய் நீண்ட குண்டு வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. முதல் உலக யுத்தத்தில் 18 ராத்தல்; இரண்டாம் உலக யுத்தத்தில் 25 ராத்தல். கடையில் வெல்லம் வாங்குவது போலிருக்கிறதே என்று நகைக்க வேண்டாம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எந்தக் குண்டை அனுப்புவது என்று கிடங்குக்காரனுக்குத் தெரிந்துவிடும். அதைவிடச் சிறந்த குணம் ஒரு பெயருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கிடங்குக்காரனுடைய ஜாபிதாவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்திலும் தமிழைப் போலவே அடைமொழி முன்னே வரும், பெயர்ச்சொல் பின்னே வரும். ஆனால் ராணுவச் சாமான் பட்டியலில் மட்டும் எல்லாம் தலைகீழ். "கணுக்கால் பூட்ஸ்" என்று எழுத மாட்டார்கள். "பூட்ஸ், கணுக்கால்" என்பார்கள். "தண்ணீர்ப் புட்டி" அல்ல; "புட்டி, தண்ணீர்". இலக்கணம் கற்ற காதுக்கு இது நாராசமாக ஒலிக்கலாம். எனினும் காரணம் புலப்பட்டால் கோபம் வராது. இப்படி எழுதினால் எல்லாப் பூட்ஸுகளும் பட்டியலில் ஓரிடத்திலே வந்து நிற்கும். எல்லாப் புட்டிகளும் ஓரிடத்திலே நிற்கும். மக்கட் பெயரை ஒரு தொகுதியிலும் மரப் பெயரை ஒரு தொகுதியிலும் வைத்த நம் நிகண்டுக்காரர் இதைக் கண்டால் மெச்சியிருப்பார்.

அமெரிக்கர் பிடித்த வழி வேறு. முன்னாளில் அவர்கள் ஓர் ஆயுதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட வருஷத்தையே அதன் பெயராக வைத்தார்கள். 1903-ம் வருஷத்து மாதிரித் துப்பாக்கி என்பது போல. முதல் உலக யுத்தத்துக்குப் பின் வருஷத்தை விட்டுவிட்டு, 'மாதிரி' என்னும் சொல்லின் முதலெழுத்தான 'எம்' என்பதையும் ஒரு வரிசை எண்ணையும் கொண்டார்கள். கேட்பதற்கு எளிமைதான். ஆனால் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்தே தொடங்கினார்கள். விளைவு என்ன? எம்-1 என்று ஒரு துப்பாக்கி. எம்-1 என்று ஒரு குறுந்துப்பாக்கி. தலைக் கவசமும் எம்-1, துப்பாக்கி முனையில் செருகும் சனியனும் எம்-1, தீயைக் கக்கும் குழாயும் எம்-1, 155 மில்லிமீட்டர் பெரும் பீரங்கியும் எம்-1. வகுப்பில் ஐந்து சுப்பிரமணியன்கள் இருந்து, ஐவருக்கும் தகப்பனார் பெயர் சுந்தரமாகவே அமைந்துவிட்டால் உபாத்தியாயர் படும் பாட்டை இதனோடு ஒப்பிடலாம். "எம்-1 அனுப்புக" என்று தந்தி கொடுத்தால் தொப்பியும் வரலாம், பீரங்கியும் வரலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க டாங்கிகள் பிரிட்டிஷ் சேனைக்கு வந்தபோது இந்தச் சங்கடம் முற்றிவிட்டது. இலேசான டாங்கி ஒன்றின் பெயர் எம்-3. அதைவிடப் பெரிய, முற்றிலும் வேறான நடுத்தர டாங்கியின் பெயரும் எம்-3. பிரிட்டிஷார் எண்ணை ஒதுக்கிவிட்டு அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துச் சேனாபதிகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இலேசான எம்-3 'ஸ்டூவர்ட்' ஆயிற்று. நடுத்தர எம்-3-ல் அமெரிக்கக் கோபுரம் வைத்தது 'லீ'. பிரிட்டிஷார் கேட்டபடி கோபுரம் மாற்றியது 'கிராண்ட்'. பின்னால் வந்தது 'ஷெர்மன்'. 1865-ல் லீ சரணடைந்தது இதே கிராண்டிடந்தான். எண்பது ஆண்டு செல்லுமுன் அவ்விருவரும் ஒரே படையில் தோளோடு தோள் நின்று 1944-ல் மணிப்பூர் மலைகளில் ஜப்பானியரை எதிர்த்தார்கள். பெயர்களுக்குப் பகைமை கிடையாது போலும்!

அந்த ஸ்டூவர்ட்டின் கதை நம் தேசத்தோடு இன்னும் நெருங்கியது. சிப்பாய்கள் அதற்கு 'ஹனி' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்கர் தமக்குப் பிரியமானவர்களை அழைக்கும் சொல் அது. 1784-ல் சென்னைக் குதிரைப் படையாகத் தோன்றிய 7-வது லைட் காவல்ரி என்னும் படைப் பிரிவு இம்பாலில் இந்த டாங்கிகளைக் கொண்டே போரிட்டது. சுதந்திரம் வந்த மறு வருஷம் காஷ்மீரில் ஜோஜிலா கணவாயைப் பகைவர் அடைத்துக்கொண்டு லடாக்குக்கு வழி இல்லாமற் செய்தார்கள். கணவாயின் உயரம் 11,500 அடிக்கு மேல். அங்கே டாங்கி ஏறும் என்று எவரும் கனவு காணவில்லை. ஜெனரல் திம்மய்யா ஸ்டூவர்ட்டுகளை அங்கே ஏற்ற முடிவு செய்தார். பாலங்கள் பாரம் தாங்க வேண்டுமே என்று கோபுரங்களைக் கழற்றி இரகசியமாகக் கொண்டுபோனார்கள். கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடிப் பாதையை டாங்கி செல்லும் பாதையாக வெட்டியவர்கள் 'மதராஸ் ஸாப்பர்ஸ்' என்னும் சென்னைப் பொறியாளர் படையினர். பட்டாளத்தில் இவர்களை 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம். 1948 நவம்பர் 1-ம் தேதி டாங்கிகள் கணவாயில் தோன்றின. வழி திறந்தது. அமெரிக்காவில் அடிமை முறையை வேண்டிய கட்சிக்காகப் போரிட்டு 1864-ல் மாண்ட குதிரைப்படைத் தலைவன் ஒருவனுடைய பெயர், சுதந்திர பாரதத்தின் எல்லையில் இப்படி வந்து நின்றது.

சில பெயர்கள் பொருளை அறிவிப்பதற்கு ஏற்பட்டவை. வேறு சில மறைப்பதற்கென்றே ஏற்பட்டவை. 'டாங்க்' என்ற சொல்லே அப்படிப்பட்டது. கவச வண்டியை இங்கிலாந்தில் இரகசியமாகச் செய்தபோது, தொழிற்சாலைக்காரர் சந்தேகம் கொள்ளாதபடி, தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் அப்பெயரைச் சூட்டினார்கள். 1916 செப்டம்பர் 15-ம் தேதி பிரான்ஸில் ஸோம் நதிப் போரில் அது முதன் முதலாக வெளிப்பட்டபோது இரகசியம் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அச்சொல்லே நம் நாட்டுக் குஜராத்தி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்று அகராதிக்காரர் சிலர் கூறுவர். நம்மூர் ஏரிகளையும் குளங்களையும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்று எழுதுவது நேயர்கள் அறிந்ததே.

இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே மைசூரில் இத்தகைய பெயர் ஒன்று இருந்தது. மைசூர் உடையார் அரசர்கள் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காக ஏற்பட்ட மாட்டுப் பண்ணைக்கு 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்று பெயர். ஹைதர் அலி அந்த மாடுகளின் வேகத்தைக் கண்டு பீரங்கி இழுப்பதில் ஈடுபடுத்தினார். திப்பு சுல்தான் அந்த இலாகாவுக்கு 'அமிர்த மகால்' என்று பெயர் மாற்றினார். பெயரைக் கேட்டால் பாற்கடை. உள்ளே பார்த்தால் பீரங்கிப் படையின் உயிர்நாடி! ஹைதர் இந்த மாடுகளைக் கொண்டு இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தின் உதவிக்கு வந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் ஆங்கிலேயர் கைப்பற்றிய செல்வங்களுள் இந்த மாட்டு மந்தையும் ஒன்று. அதன் அருமையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் கனமான பீரங்கிகளை யானை கட்டியும் இழுத்தார்கள். ஆனால் குண்டு விழும் எல்லைக்குள் போக யானை உடன்படவில்லை. அந்த இடம் வந்ததும் யானையை அவிழ்த்துவிட்டு மாடுகளைப் பூட்ட வேண்டியிருந்தது. அறிவுள்ள பிராணிக்கும் பொறுமையுள்ள பிராணிக்கும் உள்ள வித்தியாசம் அது.

இனி, பூட்டுவதைப் பற்றி. மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பும். பீரங்கியும் இரண்டு சக்கர வண்டிதான். அதன் பாரமோ தானியம் போல இப்படியும் அப்படியும் தள்ளி வைக்கக் கூடியது அல்ல. ஆகவே குதிரை பூட்டிய காலத்தில் பீரங்கியின் வாலைத் தூக்கி, 'லிம்பர்' என்னும் இன்னொரு இரு சக்கர வண்டியின் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டினார்கள். லிம்பரில் குண்டுப் பெட்டி. அதன் முன்னே இரண்டிரண்டாக ஆறு குதிரைகள். போர்க்களம் வந்ததும் வாலை இறக்கிவிட்டுக் குதிரைகள் பின்வாங்கும். கிளம்பும் வேளையில் லிம்பர் ஓடி வந்து திரும்பி நிற்க, ஆட்கள் வாலைத் தூக்கி வளையத்தைக் கொக்கியில் போட வேண்டும். பயிற்சி மைதானத்தில் இது சில விநாடி வேலை.

அந்தச் சில விநாடி கிடைக்காமற் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் கொலென்ஸோ என்னும் இடம் காட்டியது. 1899 டிசம்பர் 15-ம் தேதி. டூகேலா நதிக்கு அக்கரையில் போயர்கள் பதுங்கியிருந்தார்கள். கர்னல் லாங் என்பவர் 12 பீரங்கிகளைக் காலாட்படைக்கும் முன்னால், வெட்டவெளியில், நதிக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். போயர் துப்பாக்கிகள் வெடித்தன. பீரங்கிக்காரர் பலர் மாண்டனர். எஞ்சியவர் பின்னாலிருந்த ஓடைப் பள்ளத்தில் புகுந்தனர். பீரங்கிகள் ஊனமின்றி நின்றன. அவற்றை மீட்க ஒரே வழி, கொக்கியை வளையத்தோடு சேர்ப்பது. ஜெனரல் புல்லர் தாமாக முன்வருபவர்களை அழைத்தார். லிம்பர்கள் பாய்ந்து சென்றன. குதிரைகள் சேணத்தோடு விழுந்தன. இரண்டு பீரங்கிகளை மட்டும் எப்படியோ மாட்டி இழுத்துவந்தார்கள். மற்றப் பத்தும் போயர் வசமாயின.

அந்த முயற்சியில் வீழ்ந்தவர்களில் ஒருவர் லெப்டினெண்ட் ராபர்ட்ஸ். முன்பு சென்னைச் சேனைக்கும் பின்பு இந்தியச் சேனை முழுமைக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபுவின் மகன். காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை அப்போது அந்தக் களத்தில் இருந்தது. சுமார் 1,100 பேர். அவர்களிற் பெரும்பாலோர் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள்; தமிழர் பலர். லெப்டினெண்ட் ராபர்ட்ஸைக் களத்திலிருந்து சுமந்து வரும் பேறு தம் படைக்குக் கிடைத்ததாகக் காந்திஜி எழுதியிருக்கிறார். தலைக்கு மூன்று பவுன் வரி விதித்துத் தங்களை நாட்டை விட்டே துரத்தப் பார்த்தவர்களுக்காக அந்த ஏழைகள் டோலி தூக்கினார்கள். பத்துப் பீரங்கி போனதை ஆங்கிலச் சரித்திரங்கள் பக்கம் பக்கமாக எழுதின. டோலி தூக்கியவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

குதிரை போய் மோட்டார் வந்தபோது லிம்பர் உடனே மறையவில்லை. 25 ராத்தல் பீரங்கியை இழுத்தது 'மோரிஸ் குவாட்' என்னும் குட்டையான மோட்டார். அதன் பின்னே 32 குண்டுகள் கொண்ட பெட்டி வண்டி. பெட்டி வண்டிக்குப் பின்னே பீரங்கி. இரண்டு கொக்கி, இரண்டு வளையம். வேகம் மட்டும் பெருகியது. வேகம் பெருகவே கொக்கியின் தொல்லையும் பெருகிற்று.

சொந்தக் காரின் பின்னால் சிறு வண்டி பூட்டுவதற்கு மேல்நாடுகளில் பந்து போன்ற குமிழ் ஒன்றைக் காரில் வைத்து, அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூட்டுகிறார்கள். இடைவெளி இல்லாமையால் சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. நல்ல சாலைக்கு அது போதும். ராணுவ வண்டியோ வாய்க்காலில் இறங்கும், வரப்பில் ஏறும். முன் வண்டி பள்ளத்தில் மூக்கைக் குத்தும்போது பின் வண்டி மேட்டில் நிற்கும். ஒன்றின் இடச் சக்கரமும் மற்றொன்றின் வலச் சக்கரமும் ஏக காலத்தில் மேலே தூக்கும். இப்படி வலமிடம், மேல்கீழ், முறுக்கு என்று மூன்று விதமாகவும் அசைய இடம் தர வேண்டும். தராவிட்டால் கொக்கி முறியும். ஆகவேதான் தடித்த கொக்கியில் அதைவிடப் பெரிய வளையத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மேலே தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாள் திறந்துகொள்ளாமல் ஓர் ஆணியைச் செருகுகிறார்கள். கடகடவென்று சத்தம் போடும். பார்வைக்கு நாட்டுப்புறத்து வேலை போலிருக்கும். நுகத்தடியைக் கயிற்றால் கட்டிய நம் முன்னோர் அந்தத் தளர்ச்சியின் மர்மத்தை அறிந்தவர்களே. இருட்டில், சேற்றில், கையுறையோடு தடவிப் பார்த்தும் பூட்டிவிடலாம் என்பது இதன் மற்றொரு சௌகரியம்.

வளையத்தின் அளவு மிக முக்கியம். 1949-ல் ஏற்பட்ட நேட்டோ கூட்டணி தன் நாடுகளின் ராணுவ வண்டிகளுக்கு வளையத்தின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர் என்று வகுத்திருக்கிறது. அது பழைய அமெரிக்க மூன்று அங்குலமேயன்றி வேறில்லை. ஒரு நாட்டு லாரி பழுதானால் இன்னொரு நாட்டு லாரி அதன் பீரங்கியை இழுக்கலாம். அதே கூட்டணி சாமான்களுக்குப் பெயர் வைக்கும் தகராறையும் ஒருவாறு தீர்த்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பதின்மூன்று இலக்க எண் கொடுத்தார்கள். அதில் இரண்டு இலக்கம், எண் கொடுத்த தேசத்தைக் குறிக்கும். ஸ்டூவர்ட், லீ என்ற கதையெல்லாம் இல்லை. ரஸமற்ற ஏற்பாடுதான். ஆனால் தொப்பி கேட்டவனுக்குப் பீரங்கி வராது.

ஜெர்மானியர் இந்த விஷயத்தில் பட்ட அவஸ்தை பிரசித்தம். ஐரோப்பா முழுவதையும் சூறையாடிப் பிடித்த ஆயுதங்களையும் வண்டிகளையும் திரட்டிக்கொண்டு 1941-ல் ருஷ்யாவுக்குள் நுழைந்தார்கள். அவர்களிடமிருந்த வண்டிகள் சுமார் 2,000 தினுசு என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தினுசுக்கு ஒரு திருகாணி என்றாலும் எத்தனை! பறித்த பீரங்கிகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக் குறிக்குள் ஓர் எழுத்தைப் போட்டார்கள்: பிரான்ஸுடையதற்கு 'எப்', ருஷ்யாவுடையதற்கு 'ஆர்', செக் நாட்டுடையதற்கு 'டி', இங்கிலாந்துடையதற்கு 'இ'. திருடின பாத்திரத்தில் பழைய சொந்தக்காரரின் பெயரை அழிக்காமல் வைத்திருப்பது போன்ற காரியம் இது. அழித்தால் எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்பது மறந்துவிடும் அல்லவா?

நாம் எவரிடமும் பறிக்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினோம். ஆயினும் தினுசுக் கஷ்டம் நமக்கும் இல்லாமற் போகவில்லை. 1965 யுத்தத்தில் நம் சேனையில் பிரிட்டிஷ் செஞ்சூரியன், அமெரிக்க ஷெர்மன், பிரெஞ்சு ஏஎம்எக்ஸ் ஆகிய மூன்று டாங்கிகளும் இருந்தன. செஞ்சூரியனின் பீரங்கிக்கு 20 ராத்தல் என்று எடைப் பெயர். பிரெஞ்சு டாங்கிக்கு 75 மில்லிமீட்டர் என்று குழற் பெயர். ஷெர்மன்களில் சிலவற்றுக்கு 76 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ணிக் குண்டை மாற்றி அனுப்பினால், இரும்பு தாட்சிண்யம் காட்டாது.

சொந்தமாகச் செய்யத் தொடங்கியபோது நாம் வைத்த பெயர்களைப் பார்த்தால் அந்தக் காலத்தின் மனநிலை விளங்கும். 1959 முதல் ஜபல்பூரில் ஜெர்மன் 'மான்' கம்பெனியின் அனுமதியோடு செய்த லாரி 'சக்திமான்'. வடமொழிச் சொல்லுக்குள்ளேயே கம்பெனிப் பெயரும் அடங்கிவிட்டது! ஜப்பானிய நிஸ்ஸான் வண்டியின் மாதிரியில் அதே ஊரில் பிறந்தது 'ஜோங்கா'. இதைக் கேட்டுப் பலரும் ஏதோ விலங்கின் பெயர் என்று நினைத்ததுண்டு. ஜபல்பூர்த் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்தது, அவ்வளவே. நம் ஆவடியில் 1965-ல் உருவான டாங்கி, விக்கர்ஸ் கம்பெனியின் வரைபடப்படி அமைந்தது, பெயர் 'விஜயந்தா'. பிறகு ருஷ்ய டாங்கிகள் 'அஜேயா' என்றும் 'பீஷ்மா' என்றும் ஞானஸ்நானம் பெற்றன. 'அர்ஜுன்' நம்மவர்களே வகுத்தது. புராணப் பெயர்கள் காதுக்கு இனியவை. நாட்டுக்கு ஊக்கமும் தருபவை. ஆனால் பீஷ்மர் என்ற பெயரில் அவர் எத்தனை மில்லிமீட்டர் என்பது இல்லை. அதைக் கிடங்குக்காரன் தனியாக எழுதிவைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

'சாரங்' என்பது இதற்கு நல்ல உதாரணம். ருஷ்யாவிலிருந்து முன்பு வாங்கிய 130 மில்லிமீட்டர் பீரங்கிகளின் குழலை எடுத்துவிட்டு 155 மில்லிமீட்டர் குழலைப் பொருத்தி அந்தப் புதுப் பெயரைச் சூட்டினார்கள். திருமாலின் வில்லின் பெயர் அது. சக்கரமும் சட்டமும் பழையவைதாம். பழைய பெயரிலேயே விட்டிருந்தால் பழைய குண்டு வந்து சேர்ந்திருக்கும். இங்கே புராணப் பெயர் பயனோடு வந்தது.

1986-ல் ஸ்வீடனிலிருந்து வாங்க ஒப்பந்தமான 410 போபர்ஸ் பீரங்கிகளைப் பற்றி அரசியல் சர்ச்சையையே எல்லாரும் கேட்டிருப்பார்கள். பதினோரு டன்னுக்கு மேற்பட்ட அந்தப் பீரங்கிக்குச் சொந்தமாக ஒரு சிறு என்ஜின் உண்டு. லாரியின் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டால் கொஞ்ச தூரம் தானே உருண்டு போய்த் தன் இடத்தில் நின்றுகொள்ளும். 1999-ல் கார்கில் யுத்தத்தில் திராஸ் பக்கத்து மலைச் சாலையில், பகைவர் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கையில், சுட்ட இடத்தை விட்டுச் சட்டென்று நகர்வது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பீரங்கியின் மாதிரியைக் கொண்டு ஜபல்பூரில் செய்த 'தனுஷ்' முதல் ஆறும் 2019 ஏப்ரலில் சேனையிடம் ஒப்படைக்கப்பட்டன.

2016-ல் அமெரிக்காவிலிருந்து வாங்க ஏற்பாடான 145 பீரங்கிகள் வேறு ரகம். எம்-777 என்று பெயர். எடை நாலே கால் டன்னுக்குள். ஹெலிகாப்டர் அதைக் கயிற்றில் தொங்கவிட்டு மலையுச்சிக்குத் தூக்கிச் செல்லும். தரையில் லாரி இழுக்கும்போது மட்டும் பழைய பீரங்கிக்காரர் பார்த்தால் திகைத்துப் போவார். வாலில் இருக்க வேண்டிய வளையம் இதற்குக் குழலின் வாயில் இருக்கிறது. வாயைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, வாலைப் பின்னே விட்டு, லாரிக்குப் பின்னால் அது முன்னோக்கி ஓடி வருகிறது.